மிகைச்சுமைத் தடுப்பான்

ஒரு சொல்லுக்கு நான்கு ரூபாய்.
அந்தக் கணக்கில்தான் என் குசினிக்குப்
பருப்பும் அரிசியும் வருகின்றன.
கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனி.
பெட்டிக்குள் வைக்கிற சின்னப் புத்தகங்களை
எனக்கு அனுப்பும்.
முதலில் ஆங்கிலம். பிறகு சிங்களம்.
கடைசியில், உத்தரவாத அட்டைக்கு முதல்,
எறும்பு எழுத்தில் தமிழ்.

ஐந்து வருடத்தில்
பதினாறு கேத்தல், ஒன்பது றைஸ் குக்கர்.
மிக்ஸிகளை எண்ணவில்லை.
ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் இருந்து
வாய்க்குள் நுழையாத சொற்களை உண்டாக்கி
பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டுப் படுப்பேன்.
கடற்கரை ரயில் கட்டிலை ஆட்டிவிட்டுப் போகும்.

போன வெள்ளி,
சம்பலுக்குச் செத்தல் மிளகாயும் தேங்காயும்
கழுத்துவரை நிரப்பி முடுக்கினேன்.
ஒருதரம் உறுமி
நின்றது.
செருகியை மாற்றினேன், தட்டினேன்,
வாங்கிய கடைக்காரனின் பரம்பரையைத் திட்டினேன்.
நானும் யூடித்தும்
பாணைச் சீனியோடு தின்றோம்.

மறுநாள் நூற்றியொன்று பஸ்ஸில்
காய்ச்சல்காரப் பிள்ளைபோல் அதை மடியில் வைத்து
புறக்கோட்டை போனேன்.
முதலாம் குறுக்குத்தெருவில்
இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் அகலம்;
அதுதான் நிலாப்தீனின் கடை.
ஒரு கையில் பற்றிஸ்.
மற்றக் கையால் மிக்ஸியைக் கவிழ்த்தான்.
நாலு ரப்பர் கால். தூசி.
நடுவில்
குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு.
அமத்தினான்.
செருகினான்.
தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

"பழுதொண்டும் இல்ல.
சுமை கூடினா தானா நிக்கும்,
எரிஞ்சு போகாம இரிக்க.
இதெல்லாம் பொத்தகத்தில போட்டிருக்கான்.
யாரு வாசிக்கிற?"

காசு வாங்கவில்லை.
அந்தப் புத்தகத்தை எழுதியவள் நான் என்று
நானும் சொல்லவில்லை.
பக்கம் முப்பத்தெட்டு:
'மிகைச்சுமைத் தடுப்பான் இயங்கியவிடத்து
அலகின் அடிப்புறத்திலுள்ள மீளமைப்பு அழுத்தியை
அழுத்துக.'
எட்டுச் சொல்.
முப்பத்திரண்டு ரூபாய்.

அன்றிரவு எல்லாவற்றையும் கவிழ்த்தேன்.
டோஸ்டருக்கு அடியில் இழுக்கக்கூடிய ஒரு தகடு:
மூன்று வருடத்துப் பாண்தூள்.
மரக்கறிப் பெட்டியில் ஒரு சின்ன நெம்பி,
அலங்காரம் என்று நினைத்திருந்தேன்;
அதற்கு 'ஈரப்பத ஒழுங்காக்கி' என்று
பெயர் வைத்தவளும் நானே,
கங்குங் கீரையை வாராவாரம் அழுகவிட்டவளும் நானே.

யூடித் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
பிரிட்ஜை முன்னுக்கு இழுத்தோம்.
பின்னால், முனகுகிற அந்தக் கறுப்பு உருண்டையின் தலையில்
ஒரு தட்டு.
உள்ளே உருகுகிற தண்ணீர் சொட்டுச் சொட்டாய் அதில் இறங்க,
தன் வியர்வையைத் தன் சூட்டிலேயே
உலர்த்திக்கொண்டு நின்றது,
ஒருவருக்கும் சொல்லாமல்.

றைஸ் குக்கருக்குள் மணிக்கூடு இல்லை.
தண்ணீர் இருக்கும்வரை சூடு ஒரு கோட்டில் நிற்கும்.
வற்றியதும் ஏறும்.
ஏறியதும் காந்தம் கைவிடும்.
டக்.
சோறு வெந்தது என்கிறோம் நாங்கள்.
தண்ணி முடிஞ்சுது என்கிறது அது.

திங்கட்கிழமை புதிய மிக்ஸி ஒன்றின் புத்தகம் வந்தது.
எழுதினேன்:
'திடீரென நின்றால் பயப்படாதீர்கள். பழுதில்லை.
செருகியைக் கழற்றிக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.
கவிழ்த்துப் பாருங்கள்.
அடியில் சிவப்புப் பொத்தான். அமத்துங்கள்.'

கம்பனி பதில் போட்டது:
தமிழுக்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளவில்லை,
'பயப்படாதீர்கள்' என்பதை வெட்டலாமே.

எழுத்தை இன்னும் சின்னதாக்குங்கள் என்று எழுதினேன்.

"ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்," என்றாள் யூடித்.
தெரியும் என்றேன்.
மிக்ஸியில் மிளகாய் போட்டேன்,
அரைவாசி மட்டும்.